ஐந்து ஏக்கர் டெல்டா நிலம்: யூரியாவா, மரபு நெல்லா, நடுவழியா?

சம்பாவுக்கு நாற்று விடும் நேரம் நெருங்கினால் டெல்டாவில் பல வீடுகளில் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடும். அப்பா வழக்கம்போல டிஏபி உரத்துக்குச் சொல்லி வைத்திருப்பார். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பிள்ளை போனில், "இன்னும் எத்தனை வருஷம்பா இந்த உரத்தையும் மருந்தையும் கொட்டுவீங்க? மாப்பிள்ளைச் சம்பா மாதிரி மரபு நெல் போட்டுப் பாக்கலாமே" என்பார். "போடலாம், யாரு வாங்குவா?" என்று அப்பா கேட்பார். பிள்ளை பேசுவது மண்ணைப் பற்றி, அப்பா பேசுவது மூட்டையைப் பற்றி. இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

ஒரு நிலத்தை வைத்துக்கொள்வோம். மன்னார்குடிப் பக்கம் 5 ஏக்கர், சொந்த நிலம், களிமண். வாய்க்கால் தண்ணீர் உண்டு. பக்கத்து வயல்காரரோடு பங்கு போட்ட ஒரு போர்வெல் உண்டு. வீட்டில் இரண்டு மாடு. நடவும் அறுவடையும் இயந்திரம். நெல் போவது அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கு. இந்த நிலத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: இப்போது செய்வதையே தொடரலாம், ரசாயனத்தை முழுசாக விட்டுவிட்டு மரபு நெல்லுக்கு மாறலாம், நவீன ரகத்தை வைத்துக்கொண்டே உரத்தில் ஒரு பகுதியைப் பசுந்தாளுக்கும் (வளர்த்து அப்படியே மண்ணில் மடக்கி உழும் செடி) பயறுக்கும் மாற்றலாம்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வழிதான். இரு தரப்பையும் சமாதானப்படுத்தச் சொல்லவில்லை. பயிருக்கு வேண்டிய தழைச்சத்து (நைட்ரஜன்) எங்கிருந்து வரப்போகிறது என்று கணக்குப் போட்டால், அது கொண்டுபோய் நிறுத்தும் இடம் அதுதான்.

இப்போது இருக்கும் வழி

ஒருங்கிணைந்த தஞ்சாவூர் மாவட்டம், 1960 வாக்கில் மத்திய அரசு தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட ஏழு மாவட்டங்களில் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுத்ததால் அதற்குப் 'பேக்கேஜ் திட்டம்' என்றே பெயர். 1965-ல் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏடிடி 27 என்ற ரகம் வந்தது. அடுத்த ஆண்டே பிலிப்பைன்ஸிலிருந்து ஐஆர் 8. குட்டைப் பயிர், உரம் போட்டாலும் சாயாது, மணி கூடுதலாகப் பிடிக்கும். அந்த ஆண்டுகளில் நாடு அமெரிக்கக் கப்பலில் வரும் கோதுமையை எதிர்பார்த்து நின்றது. அதைச் சொல்லாமல் பசுமைப் புரட்சியைத் திட்டுவது எளிது. இன்று அரிசி அட்டைக்கு ரேஷன் கடையில் விலையில்லா அரிசி போடுவதும் அந்த விளைச்சலை நம்பித்தான்.

இந்த வழிக்கு விளைச்சலைவிடப் பெரிய பலம் ஒன்று உண்டு. சுற்றியிருப்பது எல்லாமே இதற்காகக் கட்டப்பட்டிருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனில் ஒரு பங்கு உரமாகவே வருகிறது. பாய் நாற்றங்கால், நடவு இயந்திரம், அறுக்கும் செயின் வண்டி எல்லாம் குட்டை ரகத்துக்குப் பழகியவை. 2025-26 பருவத்தில் மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2545 ரூபாய், பொது ரகத்துக்கு 2500 ரூபாய். கொள்முதல் நிலையத்தில் நாள்கணக்கில் காத்துக் கிடப்பது, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று எடை போடாமல் விடுவது, மழையில் மூட்டையிலேயே நெல் முளைப்பது என்று அங்கே தொல்லைக்குக் குறைவில்லை. ஆனாலும் என்ன விலை கிடைக்கும் என்பது விதைக்கும் முன்பே தெரியும். வெண்டைக்கும் கத்தரிக்கும் அப்படி உண்டா?

சரி, உரக் கணக்குக்கு வருவோம். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 50 கிலோ சாம்பல்சத்து (பொட்டாஷ்). ஏக்கருக்கு 60, 20, 20 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மூட்டை டிஏபி போட்டால் மணிச்சத்து முடிந்தது, தழைச்சத்திலும் கொஞ்சம் வந்துவிடும். மீதித் தழைச்சத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மூட்டை யூரியா. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டிஏபி 1350 ரூபாய். பொட்டாஷையும் சேர்த்தால் ஏக்கருக்கு 3000 ரூபாயைச் சுற்றி வரும். 60 கிலோ மூட்டையில் 35 மூட்டை கண்டால் 2100 கிலோ. சன்ன ரக விலையில் 53,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அதில் உரத்தின் பங்கு ஆறு சதவீதத்தைத் தாண்டாது. "உரச்செலவு மிச்சம்" என்று சொல்லி விவசாயியை இயற்கை விவசாயத்துக்கு அழைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். பணத்தைத் தின்பது உழவும் நடவும் அறுவடையும்.

உரம் இவ்வளவு மலிவாகக் கிடைப்பது அரசு மானியத்தால். 2022-23-ல் மட்டும் இந்திய அரசின் உர மானியம் சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். உக்ரைன் போரும், அதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிட்ட எரிவாயு விலையும் செய்த வேலை அது. காற்றில் இருக்கும் நைட்ரஜனை இயற்கை எரிவாயுவின் துணையோடு அம்மோனியாவாக்கி, அதிலிருந்து செய்வதுதான் யூரியா. நம் யூரியா ஆலைகளுக்கு வேண்டிய எரிவாயுவில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. பொட்டாஷ் வெளிநாட்டுச் சரக்கு. டிஏபிக்கான பாறை பாஸ்பேட்டும் அமிலமும் மொராக்கோ, ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து வர வேண்டும். வளைகுடாவில் ஒரு கப்பல் தாமதமானால் மன்னார்குடியில் மேலுரம் தாமதமாகும். இதைத்தான் 'நம் உணவுப் பாதுகாப்பு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

போட்டதும் முழுசாகப் பயிருக்குப் போகிறதா என்றால் அதுவும் இல்லை. நீர் நிற்கும் நெல் வயலில் போடும் யூரியாவில் பயிர் எடுப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு. கவனமாகப் பார்த்துக்கொண்டால் 40 சதவீதம். மீதி அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது, தண்ணீரோடு வடிகிறது. ஒரு சிறு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மாறுகிறது. கரியமில வாயுவைவிட 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. மூன்று உரங்களில் யூரியா மட்டும் மிக மலிவு என்பதால் அதில் மட்டும் கை தாராளமாக விழும். பயிர் கரும்பச்சையாக நிற்கும், ரோட்டிலிருந்து பார்க்கவே அழகாக இருக்கும். அப்புறம் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி வரும். புகையானுக்கு மருந்து அடித்தால் அதைத் தின்னும் சிலந்தியும் சேர்ந்து சாகும். அடுத்த முறை புகையான் இன்னும் தெம்பாக வரும்.

ஆக, முதல் வழி இந்த ஆண்டுக்கு நல்ல வழி. பத்தாண்டுக் கணக்கில் பார்த்தால், மானியமும் எரிவாயுவும் இதே விலையில் இருந்தால் மட்டும் நல்ல வழி.

மரபு நெல்லுக்கு முழுசாக மாறினால்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 2 கிலோ விதை வாங்கிப்போனவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று வைத்து, 170-க்கும் மேற்பட்ட ரகங்களைப் பரவவிட்டவர் நெல் ஜெயராமன். அவர் 2018-ல் காலமானார். அவருக்கு வழிகாட்டிய இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் 2013-ல் மறைந்தார். 2023-ல் தமிழ்நாடு அரசே அங்கக (இயற்கை) வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. இனி இதை ஏதோ சிலரின் ஆசை என்று ஒதுக்க முடியாது.

மரபு நெல்லின் மிகப் பெரிய பலம் அது எதைத் தாங்கும் என்பது. காட்டுயானம் ஆள் உயரத்துக்கு வளரும், வெள்ளத்துக்கும் நிற்கும், வறட்சிக்கும் நிற்கும். வேதாரண்யம் கடலோரத்து உப்பு மண்ணுக்குக் குடவாழை. குறைந்த தழைச்சத்திலும் ஏதோ ஒரு விளைச்சல் தந்துவிடும். வைக்கோல் நீளமாக, நிறையக் கிடைக்கும். மாடு வைத்திருப்பவருக்கு அது சும்மா இல்லை.

பலவீனம் இரண்டு. முதலாவது நாள். மாப்பிள்ளைச் சம்பா 160 நாளை ஒட்டி வரும், காட்டுயானம் 180 நாள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்க வேண்டிய தேதி ஜூன் 12. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆனது. 2023-ல் ஜூன் 12-ல் சரியாகத் திறந்து, தண்ணீர் இல்லாமல் அக்டோபர் 10-ல் மூடிவிட்டார்கள். இப்படி ஆடும் தண்ணீரை வைத்துக்கொண்டு ஐந்து ஏக்கரிலும் ஆறு மாதப் பயிர் வைப்பவருக்குத் துணிச்சல் வேண்டும், அல்லது நல்ல போர்வெல் வேண்டும். குறுகிய கால ரகம் வைத்திருப்பவர் ஒரு மாதம் தள்ளி நட்டாலும் பிழைத்துக்கொள்வார்.

இரண்டாவது பலவீனம், அப்பா கேட்ட கேள்வி. மரபு நெல் ஏக்கருக்கு 18 மூட்டை கண்டது என்று வைப்போம். நல்ல மண்ணில் கூடும், புதிதாக மாறிய மண்ணில் குறையும். 18 மூட்டை என்றால் 1080 கிலோ. முதல் வழியில் வந்த அதே 53,000 ரூபாய் வர வேண்டுமானால் நெல்லைக் கிலோ 49 ரூபாய்க்கு விற்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் மாப்பிள்ளைச் சம்பாவுக்கென்று தனி விலை கிடையாது. அப்படியானால் அரிசியாக்கி நேரடியாக விற்க வேண்டும். இதற்குத் தோதான அரைவை மில், வண்டு விழாமல் வைக்க இடம், பாக்கெட், கூரியர், வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர், பாக்கித் தொகை வசூல் என்று அது இன்னொரு தொழில். அதில் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், நன்றாகவும் சம்பாதிக்கிறார்கள். ஆனால் அவர்கள் வெற்றியில் பாதி வியாபாரத்தின் வெற்றி. அதைப் பார்த்துவிட்டு, விற்கத் தெரியாத 70 வயது அப்பாவிடம் ஐந்து ஏக்கரையும் மாற்றச் சொல்வது நியாயமில்லை.

அங்கக விளைபொருள் என்று சான்றிதழ் வாங்கினால் விலை கூடும் என்பார்கள். ஆண்டுப் பயிருக்கு இரண்டாண்டு மாற்றக் காலம் உண்டு. அந்த இரண்டு ஆண்டும் விளைச்சல் குறையும், விலை கூடாது. போதாததற்கு டெல்டாவில் தண்ணீர் வயலுக்கு வயல் பாய்கிறது. மேல் வயல்காரர் அடித்த மருந்து உங்கள் மடை வழியாகத்தான் வரும்.

இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு தனி நிலத்தைத் தாண்டி யோசிக்கும்போது தழைச்சத்து எங்கிருந்து வரும் என்ற கேள்வி நிற்கும். ஒரு டன் நெல் விளைய பயிர் மண்ணிலிருந்து சுமார் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. 18 மூட்டைக்கு 20 கிலோ போதும். பசுந்தாளும் கொஞ்சம் தொழுவுரமும் அதைத் தந்துவிடும். 35 மூட்டை வேண்டுமென்றால் அது போதாது. தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம்தான். ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்தைத் தொழுவுரத்திலேயே கொடுக்க 12 டன் வேண்டும், ஐந்து ஏக்கருக்கு 60 டன். இரண்டு மாடு போதாது. இருபது மாட்டுக்குக் குறையாது. இருபது மாட்டுக்குத் தீவனம் எந்த நிலத்தில் விளையும்?

மரபு நெல் குறைவாக விளைவதால்தான் குறைந்த உரத்தில் விளைகிறது. ஒரு குடும்பத்துக்கு இது பிரச்சினையே இல்லை. ஒரு மாநிலத்துக்குப் பெரிய பிரச்சினை. சிக்கிம் 2016-ல் முழு அங்கக மாநிலமாக அறிவிக்கப்பட்டது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் சிக்கிம் சாப்பிடும் அரிசியில் பெரும்பகுதி சமவெளியிலிருந்து மலையேறுகிறது. டெல்டா மொத்தமும் சிக்கிம் ஆனால், நமக்கு அரிசி எங்கிருந்து ஏறும்?

இலங்கை போட்ட கணக்கு

இந்தக் கேள்விக்கு ஒரு நாடே விடை எழுதிப் பார்த்தது. இலங்கை அரசு 2021 மே மாதத்தில் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. மண்வளம், மக்கள் உடல்நலம் என்று காரணம் சொன்னார்கள். கையிருப்பு டாலர் கரைந்துகொண்டிருந்ததும் ஒரு காரணம். உரம் வாங்காவிட்டால் அந்தச் செலவு மிச்சம். மாற்றாக அங்கக உரம் வரும் என்றார்கள். நாட்டின் மொத்த வயலுக்கும் போதுமான அங்கக உரம் நாட்டில் இல்லை. சீனாவிலிருந்து கப்பலில் வரவழைத்த அங்கக உரத்தில் தீங்கான பாக்டீரியா இருப்பதாகத் தாவரத் தனிமைப்படுத்தல் பிரிவு சொல்ல, கப்பலை இறங்க விடவில்லை. கடைசியில் அதற்குப் பணமும் கொடுக்க வேண்டியிருந்தது. நவம்பர் இறுதியில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் அங்கே முதன்மை நெல் பருவமான பெரும்போகத்துக்கு விதைத்து முடித்திருந்தார்கள்.

அதற்கு முந்தைய பெரும்போகத்தில் 30 லட்சம் டன்னைத் தாண்டிய நெல், 2021-22 பெரும்போகத்தில் 20 லட்சம் டன்னுக்கும் கீழே போனது. அரிசியில் தன்னிறைவை எட்டியிருந்த நாடு அரிசி இறக்குமதி செய்தது. உரத்தில் மிச்சம் பிடிக்க நினைத்த டாலர் அரிசியில் போனது.

இதை வைத்து "பார்த்தீர்களா, இயற்கை விவசாயம் தோற்றது" என்று எழுதினார்கள். எனக்கு அது அவசரத் தீர்ப்பாகத் தெரிகிறது. அங்கே பயிரிட்டிருந்தது உரத்துக்காகவே உருவாக்கிய நவீன ரகங்கள். மண்ணைத் தயார் செய்யப் பருவம் தரவில்லை. தழைச்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. முல்லைத்தீவிலோ அம்பாறையிலோ வயல் வைத்திருந்தவருக்கு அந்த ஆண்டு முன்னால் இருந்த தேர்வு இயற்கையா ரசாயனமா என்பதே இல்லை. கறுப்புச் சந்தையில் பல மடங்கு விலைக்கு யூரியாவா, வெறும் வயலா என்பதுதான். ஆந்திராவில் 2016 வாக்கில் தொடங்கிய இயற்கை விவசாயத் திட்டம் இதற்கு நேர் எதிரான வழி: ஊர் ஊராக, விரும்பும் விவசாயிகளோடு, பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் வழியாக, ஆண்டுக்கணக்கில். அதன் விளைச்சல் பற்றி வாதம் நடந்துகொண்டே இருக்கிறது, ஆனால் அங்கே யாரும் ஒரே இரவில் பட்டினிக்குப் போகவில்லை.

உங்கள் ஐந்து ஏக்கரும் ஒரு குட்டி இலங்கைதான். ஒரே பருவத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள்.

நடுவழியில் என்ன இருக்கிறது

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் ஒன்று இருக்கிறது. ஒரே நிலத்தில் நூறாண்டுக்கு மேல் விதவிதமாக உரமிட்டுப் பார்க்கிறார்கள். அங்கேயும் நாட்டின் பிற நீண்டகாலச் சோதனைகளிலும் திரும்பத் திரும்பத் தெரிவது, தொழுவுரமும் ரசாயன உரமும் சேர்ந்து விழும் பாத்தியில் விளைச்சலும் மண்ணின் கரிமச் சத்தும் ஒன்றாக நிலைக்கின்றன என்பது. பரபரப்பில்லாத முடிவு. அதனால்தான் யாரும் பேசுவதில்லை போலும்.

இதை வயலுக்குக் கொண்டுவர எளிய வழி தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் செடி. ஏக்கருக்கு 20 கிலோ விதை. கோடைமழையிலோ முதல் தண்ணீரிலோ தெளித்துவிட்டு, 45 நாளில் பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுதால், நன்றாக வளர்ந்த வயலில் ஏக்கருக்கு 25 முதல் 35 கிலோ தழைச்சத்து மண்ணுக்குள் போகிறது. அத்தனையும் அதே பருவத்தில் பயிருக்குக் கிடைக்காது. ஆனாலும் யூரியாவில் கால் பங்கைத் துணிந்து குறைக்கலாம். மண் பழகியபின் மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம். குறைத்ததையும் மூன்று நான்காகப் பிரித்து, இலை வண்ண அட்டையை வைத்து நிறம் பார்த்துப் போட்டால் வீண் குறையும், புகையானும் குறையும். தமிழ்நாடு அரசின் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் 2024-லிருந்து பசுந்தாள் விதை மானியத்தில் கொடுக்கிறார்கள்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பசுந்தாளை நீர் நிறைந்த சேற்றில் மடக்கினால் மீத்தேன் கூடும். மீத்தேனைக் குறைக்க வழி, தண்ணீரை எப்போதும் கட்டி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவது. வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் அடுத்த தண்ணீர் என்று செய்கிறார்கள். குறுவைப் பருவத்தில் போர்வெல் தண்ணீரில் இது நன்றாக நடக்கும். சம்பாவில், வடகிழக்கு மழை கொட்டும் நவம்பரில், டெல்டாக்காரரின் கவலை தண்ணீரை வடிப்பதுதான், காயவிடுவது கனவு. பருவமறியாமல் எழுதும் கையேடுகள் இதைக் கண்டுகொள்வதில்லை.

ஒற்றை நாற்று நடவுக்கும் நேர்ந்தது இதுதான். மடகாஸ்கரில் 1980-களில் உருவாகி, இங்கே 'திருந்திய நெல் சாகுபடி' என்று வந்த முறை. 14 நாள் இளநாற்று, அகல இடைவெளி, ஏக்கருக்கு 3 கிலோ விதை, களையெடுக்கக் கோனோவீடர் கருவி. தண்ணீரைக் கையில் வைத்திருப்பவருக்கு அருமையான முறை. வாய்க்காலின் கடைசியில் உள்ள கடைமடையில் நட்ட மறுவாரம் மழை பிடித்தால் இளநாற்று அழுகிவிடும். ஆளும் கிடைப்பதில்லை. இன்று அதிலிருந்து மிஞ்சியிருப்பது பாய் நாற்றங்காலும் இயந்திர நடவும். அதுவும் லாபம்தான்.

நடுவழியில் நான் அதிகம் நம்புவது உளுந்தை. சம்பா அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தோ பச்சைப்பயறோ தெளிப்பது டெல்டாவின் பழைய வழக்கம். எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அது விளைந்துவிடும். உரம் இல்லை, உழவு இல்லை. நெல் அறுத்த தரிசுக்கென்றே ஏடிடி 3 என்ற உளுந்து ரகம் உண்டு. ஏக்கருக்கு 200 கிலோ வந்தால்கூட, 2025-26 ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 7800 ரூபாய் கணக்கில் 15,600 ரூபாய். மேலே பார்த்த மொத்த உரச்செலவைப் போல ஐந்து மடங்கு. நெல்லுக்குப் பின் நெல் என்ற சங்கிலி அறுவதால் பூச்சியும் தொடராது. மண்ணில் மிஞ்சும் தழைச்சத்து கொஞ்சம்தான், அதைப் பெரிதாகச் சொல்ல வேண்டாம்.

இந்த வழக்கத்தைக் கெடுத்தது அறுவடை இயந்திரம். கையால் அறுத்த காலத்தில் முளைத்த உளுந்து மிதிபட்டாலும் எழுந்துவிடும். செயின் வண்டி ஏறினால் தடம் முழுக்கப் போய்விடும். அதனால் பலர் விட்டுவிட்டார்கள். நமக்கு வேண்டிய உளுந்து மியான்மரிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருக்கிறது. உணவுப் பாதுகாப்பு என்றால் அரிசி மட்டும் என்று நினைப்பதன் விளைவு இது. அறுவடை முடிந்த உடனே ஈரம் காயுமுன் விதைப்பு இயந்திரத்தால் ஊன்றுவது ஒரு மாற்று. தெளிக்கும் விதையைக் கூட்டிக்கொண்டு தடத்தில் போவதை நட்டமாக ஏற்பது இன்னொன்று. எது சரி என்பது உங்கள் மண் எவ்வளவு சீக்கிரம் இறுகுகிறது என்பதைப் பொறுத்தது.

ரகத்திலும் நடுவழி உண்டு. சிஆர் 1009 சப் 1 என்ற ரகம் இரண்டு வாரம்வரை மூழ்கினாலும் மீளும். அதற்கு அந்தக் குணம் வந்தது ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து. ஆய்வுக்கூடக்காரர்களும் மரபு நெல்காரர்களும் ஒருவரை ஒருவர் எதிரியாக நினைக்கும்போது எனக்கு இந்த ரகம் ஞாபகத்துக்கு வரும். வயலில் மரபு நெல்லைக் காப்பாற்றி வைக்காவிட்டால், நாளைய ரகத்துக்கு வேண்டிய குணத்தை எங்கே தேடுவது?

நானோ யூரியா பற்றிக் கேட்பீர்கள். இலையில் தெளிக்கும் திரவ உரம் அது. 2021-ல் இஃப்கோ என்ற உரக் கூட்டுறவு நிறுவனம் கொண்டுவந்த முதல் வடிவத்தில் தழைச்சத்து 4 சதவீதம். அரை லிட்டர் பாட்டிலில் 20 கிராம். ஒரு மூட்டை யூரியாவில் இருப்பது 20 கிலோவுக்கு மேல். ஒன்றுக்கு ஒன்று ஈடு என்று சொன்னார்கள். கணக்கு உங்களுக்கே தெரிகிறது.

யாருடைய நிலம், எந்த மடை

இதுவரை சொன்னது சொந்த நிலத்துக்கு. டெல்டாவில் உழுபவரில் பெரும் பகுதியினர் குத்தகைக்காரர்கள். கோயில் நிலம், மடத்து நிலம், ஊரைவிட்டுப் போனவர் நிலம். அடுத்த ஆண்டு இந்த வயல் கையில் இருக்குமா என்று தெரியாதவர் மூன்றாண்டு கழித்துப் பலன் தரும் மண்ணுக்குச் செலவு செய்ய மாட்டார். செய்யச் சொல்லவும் முடியாது. அவருக்கு முதல் வழியே சரி. யூரியாவைப் பிரித்துப் போடுவதும், மருந்தைப் பூச்சி எண்ணிக்கை பார்த்து அடிப்பதும் மட்டும் சேர்த்துக்கொண்டால் அதே ஆண்டில் லாபம். வெளியூரில் இருந்துகொண்டு குத்தகைக்கு விட்டவர் இயற்கை விவசாயம் வேண்டும் என்று ஆசைப்பட்டால், முதலில் குத்தகை நெல்லைக் குறைத்து, ஐந்தாண்டுக்கு எழுதிக் கொடுக்கட்டும். அதைச் செய்யாமல் போனில் அறிவுரை சொல்வதில் பயனில்லை.

கடைமடையில், போர் இல்லாமல், உப்பேறிய மண்ணில் இருப்பவருக்குக் கணக்கே வேறு. அங்கே முதல் வழியில் 35 மூட்டை வருவதில்லை. வெள்ளமோ வறட்சியோ மாறி மாறி அடிக்கும் இடத்தில் குடவாழையோ சப் 1 ரகமோ தரும் 20 மூட்டை, காகிதத்தில் இருக்கும் 35 மூட்டையைவிட மேல். மரபு நெல்லின் உண்மையான இடம் அங்கேதான் என்பது என் எண்ணம். நகரத்துக் கடையில் கருப்புக் கவுனி வாங்குபவருக்கு அது தெரிவதில்லை.

மன்னார்குடி ஐந்து ஏக்கருக்குத் திரும்புவோம். நாலு ஏக்கரில் வழக்கமான ரகம்: தக்கைப்பூண்டு, முதல் ஆண்டு கால் பங்கு யூரியா குறைப்பு, அறுவடையோடு உளுந்து. ஒரு ஏக்கரில் மரபு நெல். வாய்க்காலிலிருந்து நேரடியாக மடை உள்ள வயலாகப் பார்த்து எடுக்க வேண்டும், அப்போதுதான் அடுத்தவர் மருந்து வராது. இரண்டு மாட்டின் தொழுவுரம், ஏக்கருக்கு 5 டன் என்ற கணக்கில், அந்த ஒரு ஏக்கருக்குத்தான் சரியாக வரும். விளைவதில் வீட்டுக்கு எடுத்தது போக மீதியை விற்கப் பிள்ளை பொறுப்பேற்கட்டும். ஆசை அவருடையது, வாட்ஸ்அப்பும் அவரிடம்தான் இருக்கிறது. மூன்றாண்டில் அவரால் ஒரு ஏக்கர் நெல்லை நல்ல விலைக்கு விற்க முடிந்தால் இரண்டாவது ஏக்கரைப் பற்றிப் பேசலாம்.

அந்த நாலு ஏக்கரில் ஒரே ஒரு மா நிலத்தை, அதாவது 33 சென்ட்டை, பழைய அளவு யூரியாவிலேயே விட்டு வைக்கச் சொல்வேன். அறுவடையன்று செயின் வண்டிக்காரரிடம் சொல்லி அந்த மாவைத் தனியாக அறுத்து, தனியாக மூட்டை பிடித்து, பக்கத்து ஒரு மாவோடு எடை பார்க்க வேண்டும். வண்டிக்காரர் முணுமுணுப்பார்; ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தால் செய்வார். தக்கைப்பூண்டு விதையை மட்டும் மே மாதமே வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு வைத்துவிடுங்கள். தண்ணீர் திறந்த பிறகு போனால் பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.